ஏழு அங்குலப் பொய்: ஒரு குட்டி ரயிலின் வரலாறு

போன வருசம் எங்கட குழுவில் ஒருவனுக்கு லண்டனில இருக்கிற மாமா ஒரு பார்சல் அனுப்பினார். சப்பாத்து, சொக்லேட், ரெண்டு சேர்ட். அதுகளுக்கு அடியில் பழைய பேப்பரில் சுத்தின ஒரு குட்டிச் சரக்குப் பெட்டி. மண்ணிறம், நாலு சில்லு, மூடியில்லாதது, உள்ளங்கைக்குள் அடங்கும். கூடவே ஒரு முழ நீளத்தில் நேர்த் தண்டவாளத் துண்டு ரெண்டு. மாமாவின் மகன் வளர்ந்திட்டானாம், இனித் தேவையில்லையாம். 'உங்களுக்கு விளையாட' எண்டு ஒரு துண்டும் எழுதி வைத்திருந்தார். எங்களுக்கு இருபத்திரண்டு வயது.

விளையாடத்தான் செய்தோம். விடுதி மேசையில் ரெண்டு துண்டையும் பூட்டி, பெட்டியை இந்த அந்தத்தில இருந்து அந்த அந்தத்துக்குத் தள்ளிவிட்டு ஒரு பின்னேரம் போனது. பிறகுதான் ஒருவன் அடிமட்டத்தை எடுத்தான். தண்டவாளத்தின் ரெண்டு கம்பிக்கும் இடையில் 16.5 மில்லிமீற்றர். பெட்டியின் அடியில் 1:76 எண்டு இருந்தது, அதாவது உண்மையான பெட்டியை 76 மடங்கு, சரியாகச் சொன்னால் 76.2 மடங்கு, சின்னனாக்கியது. அப்ப 16.5ஐத் திரும்ப 76.2 மடங்கு பெரிசாக்கினால் இங்கிலாந்தின் உண்மையான தண்டவாள அகலம் வரவேணும். வந்தது 1257 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் அகலம் 1435. அடிக்கணக்கில் சொன்னால் 4 அடி 8½ அங்குலம் வரவேண்டிய இடத்தில் 4 அடி 1½ அங்குலம். சரியாக ஏழு அங்குலம் குறைவு.

முதலில் எங்கட கணக்கில்தான் பிழை எண்டு நினைச்சம். கலைப்பீடத்துக்காரர், கணக்கில் எங்களை நாங்களே நம்பமாட்டோம். திரும்பத் திரும்பப் போட்டும் அதே விடை. பெட்டியின் கதவு, ஆணித்தலை, பலகை இடுக்கு எல்லாம் அச்சொட்டாக இருக்க, ஓடுகிற பாதை மட்டும் பொய். அது அந்தப் பெட்டியின் பொய் மட்டுமில்லை, ஒரு நாடு முழுக்க நூறு வருசமாக ஓடிக்கொண்டிருக்கிற பொய் எண்டது பிறகு வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. வரலாறு படிக்கிற எங்களுக்கு அதுக்குப் பிறகு அந்தப் பெட்டியை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க ஏலாமல் போய்விட்டது.

கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1891இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் மேர்க்லின் என்ற பொம்மைக் கொம்பனி, எட்டு வடிவத் தண்டவாளத்தில் சாவி கொடுத்து ஓடுகிற ரயில் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அதுக்கு முன்னும் பொம்மை ரயில்கள் இருந்தன. ஆனால் அவை தரையில் உருளுகிற தகரப் பெட்டிகள், அல்லது ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வோர் அகலம். மேர்க்லின் செய்தது என்னவெண்டால் அகலங்களுக்கு இலக்கம் போட்டது. 1, 2, 3 என்று பெரிசாகிக்கொண்டு போகும் இலக்கங்கள். இண்டைக்கு ஒரு துண்டு வாங்கினால் அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொரு துண்டு வாங்கிப் பூட்டலாம். தகப்பன்மாரின் பொக்கற்றுக்கு ஒரு முடிவில்லாத பாதை போட்டார்கள் என்றும் சொல்லலாம்.

1ஐ விடச் சின்னனாக ஒன்று வந்தபோது அதுக்கு 0 என்று பெயர் வைத்தார்கள். அதன் அகலம் 32 மில்லிமீற்றர். பூச்சியத்துக்குக் கீழே இன்னும் சின்னன் வேண்டி வந்தபோது பூச்சியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பூச்சியம் போட்டார்கள். காலப்போக்கில் ஆங்கிலேயர் வாயில் பூச்சியம் 'ஓ' ஆகி, ரெண்டு பூச்சியம் 'ஓஓ' ஆனது. எங்கட பெட்டி ஓஓ.

இந்த ஓஓ பிறந்த கதையில் மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவர் நோர்தாம்டன் நகரத்து பாசெட்-லோக். கொதிகலன் செய்கிற ஒரு குடும்பத்துப் பிள்ளை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஜேர்மன் பொம்மை ரயில்களைப் பார்த்து அசந்துபோனார். ரெண்டாமவர், அவர் அங்கே சந்தித்த ஸ்டெஃபான் பிங். நியூரம்பேர்க் நகரத்தில் பிங் என்ற யூதக் குடும்பம் 1863இல் தொடங்கிய கொம்பனி, ஒரு கட்டத்தில் உலகத்திலேயே பெரிய பொம்மைக் கொம்பனியாக இருந்தது. மூன்றாமவர் ஹென்றி கிரீன்லி. படம் கீறுகிறவர், அளவு சொல்லுகிறவர். ஆங்கில எஞ்சின் ஒன்றின் வரைபடம் கிரீன்லியிடமிருந்து போகும், நியூரம்பேர்க்கில் பிங் செய்யும், பாசெட்-லோக் இங்கிலாந்தில் விற்பார். அதுவரை இங்கிலாந்துப் பிள்ளைகள் ஜேர்மன் எஞ்சினின் சாயலுக்கு மேல் ஆங்கில நிறம் அடிச்சதைத்தான் வைத்து விளையாடினார்கள். தங்கட ஊர் ரயில் தங்கட மேசையில் அதே முகத்தோடு ஓடவேணும் எண்டது ஒரு புது ஆசை.

(இடையில் ஒன்று. பாசெட்-லோக் சும்மா பொம்மைக் கடைக்காரர் இல்லை. 1916இல் நோர்தாம்டனில் தன்ர வீட்டை மாற்றிக் கட்டித் தரச்சொல்லி சார்ல்ஸ் ரெனி மெக்கின்டொஷைப் பிடித்தவர். கலை வரலாறு பாடம் எடுக்கிற எங்கட நண்பி இதைக் கேட்டு 'அந்த மெக்கின்டொஷா?' எண்டு கத்தினாள். அந்த மெக்கின்டொஷ்தான். கறுப்புச் சுவரும் முக்கோணக் கோலமுமாக அந்த வீடு இப்பவும் நிக்குது.)

1914இல் யுத்தம் வந்தது. நியூரம்பேர்க்கில் இருந்து வந்த பெட்டிகள் நின்றன. யுத்தம் முடிந்த பிறகும் ஜேர்மன் பொம்மையைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அந்த இடைவெளிக்குள் லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹோர்ன்பி புகுந்தார். 1901இல் மெக்கானோவுக்குக் காப்புரிமை எடுத்தவர் அவர். 1920இல் தன்ர பெயரிலேயே 0 அளவில் ரயில் விடத் தொடங்கினார். ஆங்கிலத் தயாரிப்பு எண்டதே அதுக்கு ஒரு விளம்பரம்தான்.

ஆனால் 0 அளவு ரயிலுக்கு ஒரு அறை வேணும். யுத்தத்துக்குப் பிறகு வந்த சின்ன வீடுகளில் அந்த அறை இல்லை. 1922இல் பிங் ஒரு 'மேசை ரயில்' கொண்டுவந்தது, விற்றது பாசெட்-லோக். சாப்பாட்டு மேசையில் விரித்து, சாப்பாட்டு நேரத்துக்கு மடித்து வைக்கலாம். அகலம் 16.5 மில்லிமீற்றர், 32இன் பாதிக்குக் கிட்ட. இங்கேதான் அந்த ஏழு அங்குலம் காணாமல் போகிறது.

எப்பிடி எண்டு கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 16.5 மில்லிமீற்றரை உண்மையான 4 அடி 8½ அங்குலமாக எடுத்தால், ஒரு அடிக்கு 3.5 மில்லிமீற்றர் என்று கணக்கு வரும். அந்த அளவில் முழு ரயிலையும் செய்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைத்தான் செய்தன, அதுக்குப் பெயர் எச்ஓ, பாதி ஓ. இங்கிலாந்தில் ஏன் முடியவில்லை எண்டால், ஆங்கில ரயில்கள் உண்மையிலேயே ஒடுக்கமானவை. முதல் முதல் ரயில் ஓடின நாடு. பழைய சுரங்கமும் பாலமும் மேடையும் சின்னன். தண்டவாளம் ஐரோப்பாவின் அதே அகலம், ஆனால் அதன் மேல் ஓடுகிற பெட்டி ஐரோப்பியப் பெட்டியை விட மெலிவு, உயரமும் குறைவு. அந்த மெலிந்த எஞ்சினை 3.5 மில்லிமீற்றர் கணக்கில் சுருக்கினால், அக்காலத்துச் சாவி இயந்திரமோ மின்மோட்டாரோ அதன் வயிற்றுக்குள் போகாது. அதால உடம்பை மட்டும் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று கொஞ்சம் ஊதவைத்தார்கள். தண்டவாளத்தை 16.5இலேயே விட்டார்கள். இந்த ஏற்பாட்டை கிரீன்லியின் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

அதாவது பெரிய முதலாளி நாடு, முதன்முதலில் ரயில் விட்ட பெருமை, அதனாலேயே குட்டி ரயிலில் ஒரு பொய். முந்திக்கொண்டவர் பிந்தி அவஸ்தைப்படுகிற கதை. எங்களுக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்ததை மறைக்கவில்லை.

அந்தப் பொய்யோடு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் நல்ல காலம் வாய்க்கவில்லை. ஸ்டெஃபான் பிங் 1920களின் பிற்பகுதியில் குடும்பக் கொம்பனியை விட்டு வெளியேறினார். கொம்பனி 1930களின் தொடக்கத்தில் முறிந்தது. அவர் வேறொரு பொம்மைக் கொம்பனியை வாங்கினார், அதில் இருந்து 1935இல் டிரிக்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற மின்ரயில் வந்தது. அதே 16.5 மில்லிமீற்றர். ஆனால் அது நாசிகளின் நியூரம்பேர்க். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் அதே வருசம் அதே ஊரின் பெயரில்தான் வந்தன. 1938இல் ஸ்டெஃபான் பிங் எல்லாத்தையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடினார். நியூரம்பேர்க் கொம்பனி வேறு கைக்குப் போனது. நோர்தாம்டனில் பாசெட்-லோக்கின் ஆட்கள் டிரிக்ஸ் ரயிலின் ஆங்கில வடிவத்தை ஏற்கனவே செய்யத் தொடங்கியிருந்தார்கள். முப்பத்தெட்டு வருசத்துக்கு முன் பாரிசில் தொடங்கின பழக்கம் கடைசியில் அகதியாக வந்தவருக்கு ஒரு முகவரியாக இருந்தது. 1940இல் அவர் இறந்தார்.

இதை வாசிச்ச அன்று அந்த மண்ணிறப் பெட்டியை நாங்கள் கொஞ்ச நேரம் தொடவில்லை. லண்டன் மாமாவும் ஒரு சூட்கேசோடு போனவர்தான்.

அதே 1938இல் ஹோர்ன்பி கொம்பனி 'டப்ளோ'வை வெளியிட்டது. டபிள் ஓ எண்டதைத்தான் அப்பிடிச் சுருக்கினார்கள். ஃபிராங்க் ஹோர்ன்பி அதைப் பார்க்க இருக்கவில்லை, 1936இல் போய்விட்டார். வார்ப்பு உலோக உடம்பு, 12 வோல்ட் மின்சாரம், நடுவில் மூன்றாவது கம்பி, 16.5 மில்லிமீற்றர் அகலம், அடிக்கு 4 மில்லிமீற்றர் உடம்பு. இரண்டாம் யுத்தம் முடிந்து கடைகள் திரும்பத் திறந்தபோது இங்கிலாந்துப் பிள்ளைகளின் கையில் இருந்தது இந்த அளவுதான். 1964இல் டிரை-யாங் என்ற பிளாஸ்டிக் ரயில்காரர் மெக்கானோ கொம்பனியையே விழுங்கினபோதும் அளவு மாறவில்லை. மோட்டார்கள் விரல் நுனிக்குச் சின்னனாகிவிட்ட பிறகும் மாறவில்லை. காரணம் செத்துப் பல வருசமாகியும் வழக்கம் உயிரோடு இருக்கிறது. கோடிக்கணக்கான தண்டவாளத் துண்டுகள் ஏற்கனவே வீடுகளில் கிடக்கும்போது ஆர் மாற்றுவார்?

சிலர் மாற்றினார்கள். கடைச் சாமானைத் திருத்தித் திருத்தி உண்மைக்குக் கிட்டக் கொண்டுபோகிற ஒரு கூட்டம் இங்கிலாந்தில் எப்பவும் இருந்தது. அவர்களின் முதல் வழி, அகலத்தை 18 மில்லிமீற்றர் ஆக்குவது. அதுக்கு ஈஎம் எண்டு பெயர், 'எயிட்டீன் மில்லிமீற்றர்' என்பதன் சுருக்கம். 1955இல் அதுக்கென்று ஒரு சங்கமும் வந்தது. கடையில் வாங்கின எஞ்சினின் சில்லுகளைக் கழற்றி, நீளமான அச்சில் மாட்டி, தண்டவாளத்தைக் கையால் போடவேணும். இரண்டாவது கூட்டத்துக்கு 18உம் போதவில்லை. 1960களின் நடுப்பகுதியில் அவர்கள் 18.83 மில்லிமீற்றர் எண்டு நின்றார்கள். 1435ஐ 76.2ஆல் பிரித்தால் வருகிற விடை அதுதான், ஒரு மயிரிழை விட்டுக்கொடுப்பில்லை. அதன் பெயர் புரோட்டோஃபோர், சுருக்கமாக பி ஃபோர்.

பி ஃபோர்காரர்கள் கண்டுபிடித்த விசயம் எங்களுக்குப் பிடிச்சது. அகலத்தை மட்டும் திருத்தினால் காணாது. உண்மையான ரயிலின் சில்லில் உட்பக்கமாக ஒரு விளிம்பு இருக்கும், அதுதான் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கிறது. பொம்மை ரயிலில் அந்த விளிம்பை மிகப் பெரிசாக வைப்பார்கள், சில்லையும் தடிப்பாகச் செய்வார்கள். ஏனென்றால் பொம்மை ரயிலின் வளைவுகள் பயங்கரம். கடையில் விற்கிற ஒரு சாதாரண வளைவின் ஆரை 438 மில்லிமீற்றர். அதை 76 மடங்காக்கினால் 33 மீற்றர். ஒரு எக்ஸ்பிரஸ் எஞ்சினை 33 மீற்றர் வளைவில் திருப்பச் சொன்னால் சாரதி இறங்கி வீட்டுக்குப் போவார். விளிம்பையும் உண்மையான அளவுக்குச் சுருக்கினால் அது அரை மில்லிமீற்றர்கூட வராது. அந்த அரை மில்லிமீற்றரில் ஓடவேணுமெண்டால் எல்லாச் சில்லும் எப்பவும் கம்பியில் தொட்டுக்கொண்டு இருக்கவேணும். ஆறு சில்லும் விறைப்பாகப் பூட்டின எஞ்சின், ஒரு தாள் கனத்துக்கு மேடு வந்தாலும் ஒரு காலைத் தூக்கிவிடும், அடுத்த கணம் கவிழும். ஆகவே அச்சுகள் மேலும் கீழும் ஆடும்படி நடுவில் ஒரு துலாவோ குட்டி வில்லோ வைத்தார்கள். நிசமான எஞ்சினிலும் வில் இருக்கிறது, இதே காரணத்துக்குத்தான். ஒரு அளவைச் சரியாக வைக்கப் போனதால், ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர்கள் முகம் கொடுத்த பிரச்சினைக்கு அவர்களும் முகம் கொடுக்க வேண்டி வந்தது.

ஆனால் எங்களில் பாதிப்பேருக்கு பி ஃபோர்காரரைப் பிடிக்கவில்லை. 0.83 மில்லிமீற்றருக்காக ஒரு ஆயுசா? தண்டவாளம் அச்சொட்டு, ஆனால் அதில் ஓடுகிறது ரெண்டு பெட்டி, எட்டு வருசமாக முடியாத ஒரு எஞ்சின். இந்த வாக்குவாதம் எங்கட அறையில் ஒரு கிழமை ஓடியது. எதிர்ப்பக்கத்தின் சாட்சியாக வந்தவர் பீற்றர் டெனி.

டெனி ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார். பாதிரியார் சம்பளம் தெரியும்தானே. இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில், 18 மில்லிமீற்றர் அகலத்தில், பக்கிங்ஹாம் என்ற ஊருக்கு ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். கிரேட் சென்ட்ரல் ரயில்வே உண்மையில் அந்த ஊருக்குள் வரவேயில்லை. வந்திருந்தால், வருசம் 1907 ஆக இருந்தால், எண்டு கற்பனை பண்ணினார். பயணிகள் பெட்டிகளை மட்டையில் வெட்டி ஒட்டினார். பாதையைக் கையால் போட்டார். முடிந்ததும் நிற்கவில்லை. பிரிச்சார், திருப்பிக் கட்டினார், எஞ்சின்களைத் திரும்பத் திரும்பத் திருத்தினார், தசாப்தக் கணக்காக. அவரின் மகன் கிரிஸ்பின் பாதையின் மற்ற முனையில் நின்று ரயில்களை வாங்கி அனுப்புவான். மகன் வளர்ந்து வீட்டை விட்டுப் போனான். தகப்பன் அந்த முனையில் நேர அட்டவணைப்படி ரயிலை வாங்கி அனுப்புகிற ஒரு இயந்திரம் செய்து, அதுக்கு 'தானியங்கி கிரிஸ்பின்' எண்டு பெயர் வைத்தார்.

இதைப் படித்துச் சிரித்தோம். பிறகு ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, 'எங்கட அம்மாவும் வட்ஸப்பில காலமை ஒரு ஃபோட்டோ, பின்னேரம் ஒரு ஃபோட்டோ, நேரத்துக்கு அனுப்புவா' எண்டாள். டெனியின் பக்கிங்ஹாமை அவருக்குப் பிறகு வேறொருவர் எடுத்து ஓட விட்டிருக்கிறார்.

இந்த ரெண்டு பக்கத்துக்கும் இடையில் இன்னொரு ஆள் இருக்கிறார். எங்கட கட்டுரை உண்மையில் அவரைப் பற்றித்தான். பெயர் ரோய் இங்லன்ட். பெயரிலேயே இங்கிலாந்து, ஆனால் ஆள் அவுஸ்திரேலியாக்காரர். 1925இல், பதின்ம வயது முடிகிற நேரம், இங்கிலாந்துக்கு வந்தார். வந்தது ரயில் பைத்தியத்தில்; கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறைகள் இருந்த சுவின்டனுக்குப் பக்கத்தில் தங்கினார். சைக்கிளில் சுத்தும்போது வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படுகிற அந்தப் பகுதியின் கிராமங்களைக் கண்டார். வைக்கோல் வேய்ந்த கூரை, சுண்ணக்கல் சுவர், வளைந்த வாசல். நூற்றாண்டுக் கணக்காக அப்பிடியே இருந்த வீடுகள், அவர் கண்முன்னாலேயே மாறத் தொடங்கின. வைக்கோலை உரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். சுவரை இடித்தார்கள். குடியிருக்கிறவனுக்கு அது முன்னேற்றம், மழை ஒழுகாது. அதில் பிழை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கிடுகுக் கூரையில் இருந்து ஓட்டுக் கூரைக்கு மாறின அம்மம்மாமார் எங்களுக்கும் இருக்கினம், அவை ஒருத்தரும் கிடுகுக்காக அழுததில்லை.

ரோய் இங்லன்ட் சண்டை பிடிக்கப் போகவில்லை. அளவெடுக்கப் போனார். ஒவ்வொரு வீடாக நின்று, கதவின் உயரம், ஜன்னலின் அகலம், கல்லின் நிறம், புகைக்கூண்டின் சாய்வு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு அதே வீட்டை, அடிக்கு 4 மில்லிமீற்றர் கணக்கில், மட்டையில் கட்டினார். ஒவ்வொரு செங்கல்லின் கோட்டையும் கூரான முனையால் கீறி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாயலில் நீர்வர்ணம் தீட்டினார். தோட்டத்துப் பூவைக் கடதாசியில் வெட்டினார். ஒரு வீடு முடிய மாதங்கள் ஆகும், சிலதுக்கு வருசங்கள். உள்ளே தளபாடமும் உண்டு, அதை ஜன்னலால் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். 1954இல் ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கே லோங் விட்டென்ஹம் என்ற கிராமத்தில் ஒரு பழைய மதுச்சாலையை வாங்கினார். அதுதான் பெண்டன் நூதனசாலை. தொண்டர்கள் சேர்ந்தார்கள். கை வேலைக்காரர்கள் வந்து எஞ்சின் செய்தார்கள், புரூனல் என்ற பொறியியலாளர் கட்டின மாதிரியான உயர்ந்த மரப்பாலத்தைச் செய்தார்கள். 1995இல் ரோய் இங்லன்ட் இறந்தபோதும் பள்ளத்தாக்கு முடியவில்லை. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே தண்டவாளத்தின் அகலம் 18 மில்லிமீற்றர். 18.83 இல்லை. ஒரு கதவுப்பிடிக்காக மாதக்கணக்கில் இருந்த மனிசன், அகலத்தில் 0.83ஐ விட்டுக்கொடுத்திருக்கிறார். இது கவனக்குறைவு இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம். அவருக்குப் போய்க்கொண்டிருந்தது தண்டவாளம் இல்லை, கூரை. அழியாத ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அழிகிற ஒன்றில் ஒரு மயிரிழையும் விடாமல் நின்றார்.

அதே நூதனசாலையில் இன்னொருவரின் உலகமும் இருக்கிறது. ஜோன் அஹேர்ன் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய மேடர் பள்ளத்தாக்கு. அது முழுக்கக் கற்பனை ஊர், எங்கேயும் இல்லாதது. ஆனால் ரயில் மட்டும் காணாது, அது போகிற ஊரும் வேணும், ஊரின் சுவரில் ஊத்தையும் வேணும் எண்டு முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். 1961இல் அவர் இறந்த பிறகு அது பெண்டனுக்கு வந்தது. இருந்த ஊரும் இல்லாத ஊரும் இப்ப ஒரே கூரைக்குக் கீழ்.

சரி, இது எல்லாம் இங்கிலாந்துக் கதை. லண்டன் மாமா தந்த பெட்டியை நாங்கள் ஏன் இன்னும் வைத்துக்கொண்டு இருக்கிறோம்?

இலங்கையின் பிரதான பாதைகளின் அகலம் 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் அகலத்தை விடப் பெரிசு. ஆட்சி செய்தவன் தன்ர நாட்டுக்கு ஒரு அகலமும் இந்தியாவுக்கும் எங்களுக்கும் வேறொரு அகலமும் வைத்தான். அதை அடிக்கு 4 மில்லிமீற்றர் கணக்கில் சுருக்கினால் சரியாக 22 மில்லிமீற்றர் வரும். பின்னம் இல்லாத முழு எண். அந்த அகலத்தில் எங்களுக்குக் கடையில் ஒரு துண்டும் கிடைக்காது. யாழ்தேவியை மேசையில் ஓட்ட ஆசைப்படுகிறவன் ஒன்றில் 16.5இல் பொய்யாக ஓட்டவேணும், அந்தப் பொய் ஏழு அங்குலம் இல்லை, ஒன்றே கால் அடிக்கும் மேல். இல்லாட்டித் தானே கையால் போடவேணும்.

எங்கட பிரச்சினை அகலத்தோடு முடியவில்லை. வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையானது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990 ஆனியில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது, கட்டடங்கள் ஷெல்லுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தபோது அது புதுப் பாதை, பெரும்பாலும் புது ஸ்ரேசன். எங்களில் ஒருத்தரும் பழையதைக் காணவில்லை, 1990இல் நாங்கள் பிறக்கவே இல்லை. ரோய் இங்லன்டுக்கு வீடு முன்னால நின்றது, அடிமட்டத்தை வைத்தால் போதும். எங்களுக்கு அடிமட்டம் வைக்க ஒன்றுமில்லை.

ஆகவே ஆட்களை அளந்தோம். எங்கட நண்பனின் அம்மப்பா கோண்டாவிலில் இருந்து தினமும் கோச்சியில் வேலைக்குப் போனவர். அவரை இருத்தி மேடையின் நீளம் கேட்டோம். 'அது நல்ல நீளம்.' எத்தனை அடி? 'அடியெல்லாம் ஆர் பாத்தது?' பிறகு ஒருத்திக்கு யோசனை வந்தது, 'அப்பு, ரிக்கற் எடுத்துப்போட்டு மேடை அந்தத்துக்கு நடந்து போனால் ஒரு பீடி முடியுமோ?' கிழவர் சிரிச்சார். 'பாதிப் பீடி.' சீட்டு வாங்குகிற ஜன்னல் தன்ர நெஞ்சுக்கு வரும் எண்டார், எழும்பி நின்று கையை வைத்துக் காட்டினார். நாங்கள் அந்தக் கையின் உயரத்தை ரேப்பால் அளந்தோம். 4 அடி 3 அங்குலம். முதுமையில் ஆள் கொஞ்சம் குனிந்திருப்பார் எண்டு ரெண்டு அங்குலம் கூட்டலாமா எண்டதில் இன்னும் முடிவில்லை. அம்மம்மா உள்ளேயிருந்து வந்து, ஜன்னல் அந்தப் பக்கமில்லை, இந்தப் பக்கம் எண்டா. ரெண்டு பேரும் அதில் கொழுவிக்கொண்டினம். நாங்கள் ரெண்டையும் எழுதிக்கொண்டோம்.

இப்ப மேசையில் இருப்பது இவ்வளவுதான். எலெக்ரோனிக்ஸ் கடையில் வாங்கின செம்புத் தகடு ஒட்டின போர்டை மெல்லிய கீலமாக வெட்டிச் சிலிப்பர் கட்டை ஆக்கினோம். அதன் மேல் பித்தளைக் கம்பியை 22 மில்லிமீற்றரில் ஈயம் வைத்து ஒட்டினோம், ஒரு முழ நீளம். லண்டன் பெட்டியின் சில்லைக் கழற்றி, குடைக்கம்பியில் புது அச்சு வெட்டி மாட்டினோம். உடம்பு ஆங்கிலப் பெட்டிதான், அகலம் மட்டும் எங்கட. இப்ப பொய் மற்றப் பக்கமாகப் போய்விட்டது எண்டு ஒருவன் சொன்னான், அது உண்மை. அடுத்தது உடம்பு, பிறிஸ்டல் போட்டில். மூன்றாவது கட்டையில் ஈயம் கொஞ்சம் கூடிப்போய் ஒரு மேடு நிக்குது, ஒவ்வொரு முறையும் பெட்டி அதில் காலைத் தூக்குது. அம்மப்பா வந்து பார்த்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. ரெண்டு கம்பிக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, 'கல்லுப் போடேல்லையே?' எண்டு கேட்டார்.